மாட் செய்த கேம் கோப்பில் ஸ்கிரிப்ட் மூலம் சேர்க்கும் படங்கள் சிதைவது ஏன்?

கேம்பாய் அட்வான்ஸ் என்னும் கையடக்கக் கருவிக்கான விளையாட்டின் மூலக் கோப்பில் சரியாக இயங்கும் பைத்தான் ஸ்கிரிப்ட், அதன் மாட் பதிப்பில் (பிறர் மாற்றியமைத்த பதிப்பில்) மட்டும் படங்களைச் சிதைப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும், படத்தின் முகவரியை ஸ்கிரிப்டில் நிலையான எண்ணாக எழுதியிருப்பதே காரணம். மாட் செய்தவர் அந்தப் படத்தை வேறிடத்துக்கு நகர்த்தியிருந்தால், ஸ்கிரிப்ட் பழைய இடத்திலேயே எழுதி, இப்போது அங்கிருக்கும் வசனத்தையோ நிரலையோ கெடுத்துவிடும்.

ஆகவே, படத்தைச் சுட்டும் பாயின்டரை, அதாவது படத்தின் முகவரியைக் குறித்து வைத்திருக்கும் எண்ணை, ஒவ்வொரு முறையும் கோப்பிலிருந்தே படிக்கச் செய்யுங்கள். அது 4 பைட் நீளமுடையது; சிறுமதிப்புள்ள பைட் முதலில் வரும். 00 40 65 08 என்று கண்டால் அதன் பொருள் 08654000. கருவியின் நினைவகத்தில் கேம் கோப்பு 08000000 என்னும் முகவரியில் தொடங்குவதால், அதிலிருந்து 08000000-ஐக் கழித்தால், கோப்பில் படம் 654000 என்னும் பதினறும இடத்தில் தொடங்குகிறது என்று தெரியும்.

அடுத்தது அளவு. சுருக்கப்பட்ட படமாக இருந்தால், புதிய படம் சுருக்கிய பின் பழையதைவிடப் பெரிதாகி, அடுத்துள்ள தரவின் மேல் ஏறக்கூடும். அப்போது அதை, மாட் பயன்படுத்தாத காலியிடத்தில், 4-ஆல் வகுபடும் முகவரியில் வைத்து, அதைச் சுட்டும் எல்லாப் பாயின்டர்களையும் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டாலும் ஏதோ ஒரு திரையில் பழைய படமே தெரியும்.

வடிவம் சரியாக இருந்து நிறம் மட்டும் பிசகினால், 16 நிறப் பட்டியலின் வரிசையைப் பாருங்கள். படத்தொகுப்பு மென்பொருள்கள் சில, சேமிக்கும்போது அவ்வரிசையைக் கலைத்துவிடுகின்றன. ஸ்பிரைட்டுகளில் (திரையில் நகரும் பாத்திரங்கள், பொருட்களின் படங்களில்) முதல் நிறம் ஒளிபுகும் பின்னணியாகவே கொள்ளப்படும்.

மாட் பேட்ச் (மாற்றங்களை மட்டும் கொண்ட கோப்பு) மூலக் கோப்புக்காகச் செய்யப்பட்டது என்பதால் அதை முதலில் இட்டு, கிடைக்கும் கோப்பின் நகலில் மட்டுமே ஸ்கிரிப்டை இயக்குங்கள்.