பிபி என்று எழுதினால் போதுமா?

அன்புள்ள ஐயா,

வேலை முடிந்து வந்து இரவில் காலத் தர்க்கம் (காலம் சுட்டும் வாக்கியங்களைக் குறிகளால் ஆராயும் துறை) படிக்கிறேன். தர்க்க அறிஞர் ஆர்தர் பிரையரின் 'பி' என்ற குறி இறந்த காலத்துக்கு. 'வந்தான்' என்பது 'பி' என்றால் 'வந்திருந்தான்' என்பதை 'பிபி' என்று குறித்துக்கொண்டேன். என் கேள்வி வேறு: நாளை நடக்கப்போவதைப் பற்றிய வாக்கியம் இன்றே மெய்யா பொய்யா?

க.

அன்புள்ள க.,

அலுப்போடு வந்து இதைப் படிக்க உட்காருகிறீர்களே, சந்தோஷம். நாளையைப் பற்றி பிரையரே 1967 நூலில், தத்துவஞானிகள் இருவர் பெயரில், இரண்டு வழி தருகிறார். நாளை பல விதமாக அமையலாம்; ஒவ்வொரு விதமும் ஒரு கிளை. பியர்ஸ் வழியில், எல்லாக் கிளைகளிலும் நடந்தால்தான் 'நடக்கும்' மெய். ஒக்காம் வழியில், ஒரு கிளையை எடுத்துக்கொண்டு அதில் பார்க்க வேண்டும். இப்போதைக்கு இது போதும்.

என்னை எழுத வைத்தது அந்த 'பிபி'. சில நாட்களாக இதே இடத்தில்தான் என் மனமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. குறி கிடைத்ததும் வாக்கியத்தைக் கைவிட்டுவிட்டீர்கள். 'பி' சொல்வதெல்லாம் இப்போதைக்கு முன் ஏதோ ஒரு கணத்தில் அது மெய் என்பதுதான். 'பிபி' என்றால் அந்தக் கணத்துக்கும் முன்னால் ஒரு கணம். முன்னதற்கு முன்னது இப்போதைக்கும் முன்னதுதானே? ஆகவே பிபி மெய்யானால் பி மெய். எந்த இரு கணங்களுக்கும் நடுவில் இன்னொன்று உண்டு என்று கொண்டால் பி மெய்யானாலே பிபியும் மெய். வந்தானும் வந்திருந்தானும் ஒன்றாகிவிட்டார்கள்! நாள் நாளாக எண்ணினாலும் தப்ப முடியாது. முந்தாநாள் வெறுமனே வந்தவனுக்கும் பிபி பொருந்தும்.

விட்டுப்போனது நோக்குக் கணம், அதாவது எந்தக் கணத்தில் நின்று நிகழ்வைப் பார்க்கிறோமோ அது. தத்துவஞானி ரைகன்பாக் 1947-இலேயே பேச்சு, நோக்கு, நிகழ்வு என மூன்றாகப் பிரித்தார். 'வந்தான்': நிகழ்வும் நோக்கும் ஒரே கணம், பேச்சு பிறகு. 'வந்திருக்கிறான்': நிகழ்வு முன்னால், நோக்கு பேச்சோடு. 'வந்திருந்தான்': நிகழ்வு, நோக்கு, பேச்சு என்று வரிசையாக. 'நான் போனபோது அவன் வந்திருந்தான்' என்பதை இப்படி எழுதுங்கள்: பி(நான் போகிறேன், மேலும் பி(அவன் வருகிறான்)). வெளி அடைப்புக்குள் நீங்கள் போகும் கணம் இருக்கிறதே, அதுதான் நோக்கு. வெறும் பிபியில் அந்த இடம் காலி.

இதுவும் முழுதாகப் போதாது. நெடுஞ்சாலையில் பாதி வழி போனபின் ஒருவர் 'அடுப்பை அணைக்கவில்லை' என்கிறார். மொழியியலாளர் பார்பரா பார்ட்டி 1973-இல் காட்டிய வாக்கியம் இது. எதிர்மறையை 'பி'-க்கு உள்ளே வைத்தால், என்றோ ஒரு கணத்தில் அணைக்கவில்லை என்றாகும். யாருக்கும் அது மெய். வெளியே வைத்தால், வாழ்நாளில் ஒருமுறைகூட அணைத்ததில்லை என்றாகும். அவர் சொல்வது, வீட்டை விட்டுக் கிளம்பிய அந்தச் சற்று நேரத்தை. அதைப் பிடிக்க 'ஏதோ ஒரு கணம்' உதவாது. குறிப்பிட்ட ஒரு காலத்தைச் சுட்டும் மாறி வேண்டும். உங்கள் நோட்டில் பிபி போட்ட ஒவ்வொரு வரியிலும் நோக்குக் கணம் எது என்று ஓரத்தில் குறித்து அனுப்புங்கள். நாளையைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.