பதில்: போனில் சப்பென்று இருக்கும் படம், நேரில் வேறாகத் தெரியுமா?

வணக்கம். ஜெர்மன் புகைப்படக் கலைஞர் ஆந்திரியாஸ் குர்ஸ்கி ரைன் ஆற்றை எடுத்த 'ரைன் 2' (1999) படம் போனில் வெறும் பச்சைப் பட்டைகளாகத் தெரிகிறது, இதற்கா 2011 ஏலத்தில் 43 லட்சம் டாலர் என்று கேட்டிருந்தீர்கள். விலையை விடுங்கள், அது ஏலக்காரர்களின் கணக்கு. சிக்கல் அளவில் இருக்கிறது. சட்டத்தோடு அந்தப் படம் 3.5 மீட்டருக்கும் மேல் அகலம். எதிரே நின்றால் பார்வை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். கிட்டே போனால் புல்லும் நீரின் சுருக்கங்களும் தனித்தனியாகத் தெரியும். அக்கரையிலிருந்த தொழிற்சாலைக் கட்டடத்தை அவர் கணினியில் அழித்துவிட்டார். அந்த வெறுமை வேண்டுமென்றே உருவாக்கியது. ஐந்து அங்குலத் திரையில் அது எப்படி உறைக்கும்?

இதற்கு நேர் எதிர், ஹங்கேரியில் பிறந்த புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்டெஸ். 1920களில் பாரிசில் அவர் தபால் அட்டைத் தாளில் அச்சிட்ட படங்கள் உள்ளங்கைக்குள் அடங்கும். இணையத்தில் இருவர் படமும் ஒரே அளவில்தான் வரும், அதுதான் ஏமாற்று.

அதனால் இணையத்தில் பார்க்கும்போது படத்துக்குக் கீழே சென்டிமீட்டர் கணக்கைப் பாருங்கள். பெரிய படமென்றால் அந்த அகலத்தைச் சுவரில் டேப் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள், விளையாட்டாக இருந்தாலும் உதவும். போனில் இரவு நேர மஞ்சள் வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். அப்புறம், கண்காட்சியில் படத்தின் மேலுள்ள கண்ணாடியில் உங்கள் முகமே தெரிந்தால் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து நில்லுங்கள். வெளிச்சம் மங்கலாக இருப்பது அச்சு வெளிறாமல் இருக்கத்தான், கண் பழக ஓரிரு நிமிடம் கொடுங்கள்.