அக்கவுண்ட்டில் இருக்கும் பெயர் யாருடையது?

கேள்வி: எனக்கு வயது 34. பவானி பக்கம் ஒரு கிராமம். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், வாரம் ஒருமுறைதான் வருவார். வீட்டிலிருந்தே வேலை என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. கூகுள் மேப்பில் ஹோட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய். முதல் நாள் 150, மறுநாள் 200 கணக்கில் ஏறியது. பிறகு டெலிகிராம் குரூப்பில் சேர்த்தார்கள். 1,000 கட்டினேன், 1,300 திரும்பி வந்தது. அப்புறம் 5,000, 20,000 என்று போய், ‘வரி கட்டினால்தான் பணத்தை எடுக்க முடியும்’ என்று கடைசியாக 90,000 வாங்கினார்கள். மொத்தம் 2,87,000 ரூபாய், எல்லாம் நகையை அடகு வைத்த பணம். மூன்று நாள் கழித்து சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். ஒரு எண் வந்தது, அதோடு சரி. மூன்று வாரம் ஆகிவிட்டது. பணம் போன கணக்கு ஒன்றின் பெயரும் ஐ.எஃப்.எஸ்.சி. கோடும் என்னிடம் இருக்கின்றன. டெலிகிராமில் ஒருவர், 15,000 கொடுத்தால் ஐ.பி. அட்ரஸை வைத்து ஆளைக் கண்டுபிடித்துப் பணத்தையும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? நானே அவனைக் கண்டுபிடிக்க முடியாதா? கணவருக்கு இன்னும் தெரியாது. – பெயர் வேண்டாம்

பதில்: முதலில் அந்த 15,000. கொடுக்காதீர்கள், சகோதரி. அவர் உங்கள் பணத்தை மீட்க வந்தவரல்ல, மிச்சம் மீதியை வாங்க வந்தவர். ஏமாந்தவர்களின் எண்களும், யாரிடம் எவ்வளவு போனது என்ற விவரமும் இந்தக் கும்பல்களுக்குள் கைமாறும். பல சமயம் முதலில் ஏமாற்றிய ஆட்களே வேறு பெயரில் ‘ஹேக்கர்’, ‘வக்கீல்’, ‘சைபர் போலீஸ் அதிகாரி’ என்று திரும்பி வருவார்கள். இன்று 15,000 என்பார், நாளை ‘பணம் ரெடி, ஜி.எஸ்.டி. மட்டும் கட்டுங்கள்’ என்பார். அந்த 90,000 ‘வரி’ எப்படிக் கேட்கப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள், அதே பாட்டுதான். இன்னொருவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை ‘எடுத்துத் தர’ வெளியாள் யாராலும் சட்டப்படி முடியாது. சட்டத்தை மீறி முடிகிறவன் எதற்கு உங்கள் 15,000-க்குக் காத்திருக்கிறான்?

ஐ.பி. அட்ரஸ், அதாவது ஒவ்வொரு இணைய இணைப்புக்கும் கிடைக்கும் எண், அந்தக் கதையையும் பார்த்துவிடலாம். டெலிகிராமில் உங்களோடு பேசியவரின் ஐ.பி. அட்ரஸ் சாட்டில் தெரியாது. எப்படியோ கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். அது காட்டுவது இணைய நிறுவனத்தின் பெயரையும், உத்தேசமாக ஓர் ஊரையும்தான். மொபைல் இணையத்தில் ஒரே ஐ.பி.யை ஒரே நேரத்தில் ஏராளமானோர் பகிர்ந்துகொள்வார்கள். குறிப்பிட்ட நொடியில் அதைப் பயன்படுத்திய சிம் எது என்ற பதிவு அந்த நிறுவனத்திடம் மட்டும் இருக்கும். அதைப் போலீஸ் எழுத்துமூலம் கேட்டால் கொடுப்பார்கள், உங்களுக்கும் எனக்கும் கொடுக்கமாட்டார்கள். நடுவில், இருக்கும் இடத்தை மறைக்கும் வி.பி.என். போட்டிருந்தால் அந்த ஊரும் பொய்.

சரி, உங்கள் கையில் இருப்பது என்ன? அது கொஞ்சநஞ்சமல்ல. ஐ.எஃப்.எஸ்.சி. கோடை எடுத்துப் பாருங்கள். மொத்தம் பதினோரு இடம். முதல் நான்கு எழுத்துகள் எந்த வங்கி என்று சொல்லும், ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறு எந்தக் கிளை என்று சொல்லும். யு.பி.ஐ.யில் அனுப்பியிருந்தால் ஒவ்வொரு முறைக்கும் 12 இலக்கத்தில் ஒரு பரிவர்த்தனை எண் இருக்கும். பணத்தின் வழியைப் பிடிக்க உதவும் நூல் அந்த எண்தான். யு.பி.ஐ. முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து ‘இந்த வங்கிக் கணக்கு’ என்று முடிவு கட்டாதீர்கள். எந்த ஆப் வழியாகப் போனது என்பதைத்தான் பெரும்பாலும் அது காட்டும். கணக்கு வேறு வங்கியில் இருக்கலாம்.

இப்போது அந்தப் பெயருக்கு வருவோம். அது உங்களை ஏமாற்றியவரின் பெயராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்தத் தொழிலில் பணம் முதலில் இறங்குவது வாடகைக் கணக்கில். போலீஸும் வங்கிகளும் ‘மியூல் அக்கவுண்ட்’ என்பார்கள். கல்லூரி மாணவன், வேலை போன ஒருவர், கடனில் இருக்கும் ஒரு ஆட்டோக்காரர் என்று யாரையாவது பிடித்து, கமிஷனுக்கு ஆசை காட்டி, பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, அந்தக் கணக்கோடு இணைந்த சிம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்கள். அங்கே இறங்கிய பணம் சில நிமிடங்களில் பல கணக்குகளாகச் சிதறும். அங்கிருந்து ஏ.டி.எம். வழியாக ரொக்கமாகும், அல்லது கிரிப்டோவாக மாறி நாடு தாண்டும். கணக்கை வாடகைக்குக் கொடுத்தவர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை, அவரையும் கைது செய்கிறார்கள். ஆனால் நீங்கள் ரயில் ஏறிப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் உங்கள் 2,87,000 அங்கே இருக்காது.

டெலிகிராமில் உங்களோடு இனிமையாகப் பேசிய அந்த ‘மேடம்’? புகைப்படம் எங்கிருந்தோ திருடியது. குரூப்பில் ‘எனக்கு 40,000 வந்துவிட்டது’ என்று ஸ்கிரீன்ஷாட் போட்டுக் குதூகலித்தவர்களும் அதே கூடாரத்து ஆட்கள்தான், உங்களைப் போல மாட்டியவர்கள் அதில் ஒன்றிரண்டு பேர் இருந்திருந்தால் அதிகம். தட்டச்சு செய்த கை எந்த நாட்டிலிருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. மியான்மரின் மியாவதி பக்கமும், கம்போடியாவிலும் இதற்கென்றே சுற்றுச்சுவர் எழுப்பிய வளாகங்கள் இருக்கின்றன. பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போனவர்களின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, அடித்து உதைத்து இந்த வேலையைச் செய்ய வைக்கிறார்கள். 2022-ல் மியாவதியிலிருந்து மீட்கப்பட்டுத் திரும்பியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. ‘அவனைக் கண்டுபிடிக்க வேண்டும்’ என்ற உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ‘அவன்’ ஒரு ஆள் இல்லை.

ஆகவே தேட வேண்டியது பணம் போன தடத்தை. அதற்கான ஏற்பாடுதான் 1930. உங்கள் புகாரில் உள்ள பரிவர்த்தனை எண்கள் பணம் இறங்கிய வங்கிக்குப் போகும். அங்கே மிச்சம் இருந்தால் யாரும் எடுக்க முடியாதபடி ‘ஹோல்ட்’ போடுவார்கள், கைமாறியிருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். முதல் சில மணி நேரத்தில் அழைத்தால் பலன் அதிகம். நீங்கள் மூன்று நாள் கழித்து அழைத்திருக்கிறீர்கள், அதனால் பெரிய தொகை நின்றிருக்கும் என்று நம்பிக்கை ஊட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் பல கணக்குகளுக்கு, பல நாட்களில் அனுப்பியிருக்கிறீர்கள். கடைசி 90,000-ல் ஏதாவது எங்காவது மாட்டியிருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடக் கூடாது.

அதற்கு நீங்கள் நேரில் போக வேண்டும். 1930-ல் கிடைத்த எண் புகாருக்கான ஒப்புகைதான், எஃப்.ஐ.ஆர். அல்ல. ‘கொடுத்தாச்சே, கூப்பிடுவாங்க’ என்று காத்திருந்து ஓய்ந்துபோகிறவர்கள் நிறைய. மாவட்டம்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, உங்களுக்கு ஈரோடு. கையில் வங்கி ஸ்டேட்மென்ட், ஆதார் நகல், 1930 புகார் எண், அப்புறம் ஒரே தாளில் ஒரு பட்டியல்: தேதி, நேரம், தொகை, எந்தக் கணக்குக்கு அல்லது யு.பி.ஐ. முகவரிக்கு, பரிவர்த்தனை எண். ஸ்கிரீன்ஷாட்டுகளைக் குவியலாக நீட்டுவதைவிட இந்த ஒரு தாள் அதிகாரிக்கு ஆயிரம் மடங்கு உதவும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லுங்கள். பொதுவாக பாரதிய நியாய சன்ஹிதா 318, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி ஆகிய பிரிவுகளில் பதிவார்கள். ‘பணம் போன கணக்கு வெளிமாநிலம், எங்கள் எல்லை இல்லை’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்பதுதான் இப்போதைய சட்டம். அப்படியும் மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

அங்கே ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: ‘என் புகாரில் எந்தெந்தக் கணக்கில் எவ்வளவு ஹோல்ட் ஆகியிருக்கிறது?’ தொகை இருந்தால் அது தானாக உங்கள் கணக்குக்கு வராது. பெரும்பாலும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போட்டு, வங்கிக்கு உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். வக்கீலுக்கு எங்கே போவது என்று நினைக்காதீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. இது 1987-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வங்கியிடம் பணத்தைக் கேட்க முடியுமா என்பது அடுத்து வரும் கேள்வி. ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வாடிக்கையாளர் தவறு ஏதுமில்லாமல் மூன்றாம் ஆள் ஒருவர் உங்கள் கணக்கிலிருந்து பணத்தை உருவியிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் வங்கியிடம் சொல்லிவிட்டால், நஷ்டம் உங்களுடையது அல்ல. ஆனால் உங்கள் விஷயத்தில் பின் நம்பர் போட்டு அனுப்பியது நீங்களே. ஆகவே அந்த விதியை வைத்து உங்கள் வங்கியிடம் வாதாடி ஜெயிப்பது கடினம். இருந்தாலும் கிளைக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். முதலில் உங்களுக்கு வந்த 150, 200, 1,300 யாருடைய பணம்? பெரும்பாலும் உங்களைப் போல இன்னொருவர் இழந்தது. அவர் புகார் கொடுத்து, பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் உங்கள் கணக்கிலும் ஹோல்ட் விழக்கூடும். விழுந்தால் பதற வேண்டாம். ‘நானும் பாதிக்கப்பட்டவள், இதோ என் புகார்’ என்று காட்டத்தான் அந்த சி.எஸ்.ஆர்.

உரையாடலை அழித்துவிடாதீர்கள், குரூப்பிலிருந்து வெளியேறவும் வேண்டாம். டெலிகிராமில் எதிராளி நினைத்தால் இரண்டு பக்கமும் உரையாடலை அழித்துவிட முடியும், அதனால் இன்றே எடுத்து வையுங்கள். கணினி உள்ள யாராவது இருந்தால் டெஸ்க்டாப் டெலிகிராமில் மொத்த சாட்டையும் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஸ்கிரீன்ஷாட் போதும், ஆனால் அவர்களின் பெயர் மட்டுமல்ல, @ போட்ட யூசர்நேமும் தெரிகிற மாதிரி எடுங்கள். பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள். உங்களிடம் இருக்கும் கணக்குப் பெயரையும் படத்தையும் ஃபேஸ்புக்கில் போட்டு ‘இவன் திருடன்’ என்று எழுதும் ஆசை வரும். வேண்டாம். ஆள் தப்பாக இருந்தால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும், சரியாக இருந்தால் அவன் உஷாராகிவிடுவான்.

வேலைக்குப் பதிவு என்று ஆதார் நகல் அனுப்பினீர்களா? கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் வழக்கமாகக் கேட்பார்கள். அனுப்பியிருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள், தெரியாத எண் இருந்தால் அங்கேயே ‘என்னுடையது இல்லை’ என்று பதியலாம்.

கணவர் விஷயம். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பணம் போனதைவிட ‘வீட்டுக்குத் தெரிந்தால்’ என்ற பயம்தான் பெரிதாகத் தெரிகிறது. பேராசைப்பட்டாய் என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. வங்கி அதிகாரிகளும் ஐ.டி. ஊழியர்களும் மாட்டுகிற வலை இது. ஆனாலும் மறைக்க முடியாத ஒன்று இருக்கிறது: அடகுக் கடை. வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், கட்டாவிட்டால் ஏல நோட்டீஸ் வீட்டு முகவரிக்கு வரும். அதைப் பிரித்துப் பார்த்து அவர் தெரிந்துகொள்வதைவிட, இந்த வாரம் அவர் வரும்போது நீங்களே உட்கார வைத்துச் சொல்லுங்கள். கையில் அந்த ஒரு தாள் பட்டியலும் புகார் எண்ணும் இருக்கட்டும். ‘ஏமாந்துட்டேன்’ என்று மட்டும் சொன்னால் பேச்சு சண்டையில் முடியும், ‘திங்கட்கிழமை ஈரோடு போகணும், கூட வாங்க’ என்று சேர்த்துச் சொன்னால் அவருக்கும் செய்ய ஒரு வேலை இருக்கும்.

அப்படிப் போகும்போது அந்த 15,000 ஆசாமியின் யூசர்நேம், அவர் அனுப்பிய கணக்கு எண், பேசிய உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். இப்போதைக்கு அவருக்கு ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்ற பதிலே போதும்.