ராசாவுக்குக் கை உயர்த்தலாமா? உவர்மலைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கனடா பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் திருகோணமலையை விட்டுப் புறப்படுகிறீர்கள். ஆனால் அங்கே குடியுரிமை எடுப்பதென்றால் ராசாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் பண்ண வேண்டும் என்று யாரோ சொல்லப்போய், உவர்மலை வீட்டில் அப்பா கொதித்துப்போய் இருக்கிறார். "72இல் நாங்கள் தலைமுழுகின ராசகுடும்பத்துக்கு என்ர பிள்ளை போய்க் கை உயர்த்துவதோ? இவ்வளவு படித்த நாடு இன்னும் ஏன் குடியரசாகவில்லை?" இதற்கு அக்கா என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சத்தியம் உண்மைதான். கனடாவின் அரசர் மூன்றாம் சார்ல்ஸுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன், சட்டத்தை மதிப்பேன் என்று வரும். பூர்வகுடிகளின் உடன்படிக்கை உரிமைகளையும் 2021இல் அதற்குள் சேர்த்துவிட்டார்கள். நான் எடுத்தது எலிசபெத் மகாராணி காலத்தில். ஒரு மண்டபம், சுவரில் ராணியின் படம். எல்லோரும் எழுந்து வலது கையை உயர்த்தி, நீதிபதி சொல்லச் சொல்ல முதலில் ஆங்கிலத்தில் சொன்னோம், பிறகு பிரெஞ்சில். பிரெஞ்சு தொடங்கியதும் மண்டபம் முழுக்க முணுமுணுப்புத்தான், பக்கத்தில் நின்ற சோமாலிய அம்மா வாயை மட்டும் அசைத்தார், நானும் அப்படியே. பிறகு தேசிய கீதம், சான்றிதழ், படம் எடுத்தல், கோப்பி. வாரிசுகளுக்கும் சேர்த்துச் சொன்னபடியால் 2022 செப்டெம்பரில் ராணி காலமானபோது யாரும் எங்களைத் திரும்பக் கூப்பிடவில்லை.

இந்தச் சத்தியம் பிடிக்காதவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். மூன்று பேர் வழக்குப் போட்டு, 2014இல் ஒன்டாரியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சத்தியம் ஒரு ஆளுக்கு இல்லை, நாட்டின் ஆட்சிமுறைக்கு. ஒத்துவராதவர்கள் சத்தியம் எடுத்த பிறகு பகிரங்கமாக மறுத்துப் பேசலாம், ஒரு பாதிப்பும் வராது. அந்த மூவரில் ஒருவர் ரொறன்ரோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர், 2015இல் சத்தியம் எடுத்து முடித்த கையோடு ராணி சம்பந்தப்பட்ட பகுதியை மறுக்கிறேன் என்று அறிவித்தார். குடியுரிமை அப்படியே இருந்தது.

இப்போது அப்பாவுக்கு 1983ஐ ஞாபகப்படுத்துங்கள், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். இலங்கை யாப்பில் ஆறாம் திருத்தம் வந்து, பாராளுமன்ற உறுப்பினர், அரச உத்தியோகத்தர், சட்டத்தரணி என்று எல்லோரும் தனிநாட்டுக்கு எதிராகச் சத்தியம் எடுக்க வேண்டும் என்றார்கள். அதை எடுக்க மறுத்துப் பாராளுமன்றத்துக்குப் போகாமல் விட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனத்தை இழந்தார்கள், எங்கள் திருகோணமலைச் சம்பந்தன் ஐயாவும் அதில் ஒருவர். என் அப்பா அரசாங்க உத்தியோகம், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அன்றைக்கு யாரோடும் கதைக்கவில்லை, நாலு பிள்ளை, பென்சன், வேறென்ன செய்வார். அந்தச் சத்தியத்தைக் கேட்டது ஒரு குடியரசு, தம்பி. ஒரு ராசாவும் இல்லை. எது கழுத்தில் ஏறும் சத்தியம், எது வாயோடு போகும் சத்தியம் என்று நீங்களே பாருங்கள்.

72 விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அப்பா அதைத்தான் பெரிதாகப் பிடித்திருக்கிறார். 1972 மே 22 அன்று இலங்கை குடியரசானது. முதல் நாள் வரை ராணியின் பிரதிநிதியாக, மகாதேசாதிபதியாக இருந்த அதே வில்லியம் கோபல்லாவதான் மறுநாள் ஜனாதிபதி. ஆள்கூட மாறவில்லை. ஆனால் கூடவே என்னென்ன போனது? சுதந்திர காலத்திலிருந்து இருந்த சோல்பரி யாப்பில் ஒரு இனத்தை, ஒரு மதத்தை மட்டும் பாதிக்கும் சட்டம் செய்யக்கூடாது என்றிருந்த 29ஆம் பிரிவு போனது. லண்டன் கோமறைக் கழகத்துக்கு (பிரிவி கவுன்சில்) மேன்முறையீடு போகும் வழியை அதற்கு முதல் வருடமே அடைத்துவிட்டார்கள். சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்பது சாதாரண சட்டமாக இருந்தது, யாப்புக்குள் ஏறியது. பௌத்தத்துக்கு முதன்மை இடமும் அப்போதுதான். இதையெல்லாம் எழுதுவதில் தலைமை தாங்கியவர் கொல்வின் ஆர். டி சில்வா, 1956இல் ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று சொன்ன அதே மனிதர்!

கோடீஸ்வரன் வழக்கைப் பாருங்கள். அரசாங்க எழுதுவினைஞர், சிங்களப் பரீட்சை சித்தியடையவில்லை என்று சம்பள உயர்வை நிறுத்தினார்கள், தனிச்சிங்களச் சட்டமே 29ஆம் பிரிவுக்கு முரண் என்று வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். உயர் நீதிமன்றம் மொழிப் பிரச்சினையைத் தொடவே இல்லை, முடிக்குரிய, அதாவது அரசரின் பெயரால் நடக்கும் அரசுக்குரிய, ஊழியன் சம்பளத்துக்காக முடிமேல் வழக்குப் போட முடியாது என்று தள்ளிவிட்டது. 1969இல் கோமறைக் கழகம், போடலாம், மொழிக் கேள்வியைத் திரும்ப விசாரியுங்கள் என்று அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவேயில்லை, புது யாப்பு வந்து கேள்வியையே விழுங்கிவிட்டது.

இதற்காக நான் ராணி காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்தது 1948இல், ராணியின் தகப்பன் ஆறாம் ஜோர்ஜ் காலத்தில், அதை எதிர்த்துப் போன வழக்கை 1953இல் தள்ளுபடி செய்தது இதே கோமறைக் கழகம். தனிச்சிங்களச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்ததும் ராணியின் பெயரில்தான். அதற்குப் பதிலாகத் தமிழரசுக் கட்சி 1956 ஓகஸ்டில் மாநாடு கூட்டியதே எங்கள் திருகோணமலையில். முடி எங்களைக் காப்பாற்றவில்லை. குடியரசு காப்பாற்றவில்லை என்பதோடு, இருந்த கொஞ்சப் பூட்டையும் கழற்றிவிட்டது, என் மனக்குறை அதுதான்.

பிறகு 1978. நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி, பதவியில் இருக்கும்வரை வழக்குப் போட முடியாது என்று வைத்தார்கள். வாக்கில் வந்த ராசா. அந்தப் பதவியைச் சுற்றி ராஜபக்ச குடும்பமே வளர்ந்ததை நாங்கள் பார்த்தோம், அது 2022 மே மாதம் கொழும்பில் சனம் கொதித்தபோது எங்கே வந்து ஒளித்தது? எங்கள் கடற்படைத் தளத்தில். தளத்தின் வாசலில் எங்கள் ஊர்ச் சனமே கூடிநின்று கத்தியது. 1957 வரை அந்தத் தளம் பிரித்தானியக் கடற்படையிடம் இருந்தது, ராணியின் கப்பல்கள் நின்ற துறைமுகத்தில் முன்னாள் ஜனாதிபதி மகிந்த தஞ்சம். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள், 2006 ஜனவரியில் கடற்கரையில் ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 2019இல் சந்தேகநபர்கள் பதின்மூன்று பேரும் சான்று போதாதென்று விடுதலை. குடிமகன் எல்லோரும் சமம் என்று எழுதிய நாட்டில்தான் இதுவும்.

சரி, கனடாவுக்கு ராசா தேவையா? என்னைக் கேட்டால் தேவையில்லை. பிறப்பால் ஒருவர் நாட்டுத் தலைவர் என்பதை நான் எந்த முகத்தோடு நியாயப்படுத்துவது, எங்கள் சாதிச் சண்டையை எல்லாம் பார்த்துவிட்டு? ஆனால் அங்கே மாற்றுவது லேசில்லை. 1982 யாப்பின் 41ஆம் பிரிவுப்படி இரண்டு சபைகளும் பத்து மாகாணச் சட்டமன்றங்களும் ஒன்றுவிடாமல் சம்மதிக்க வேண்டும். கியூபெக் தன் சட்டமன்ற உறுப்பினர்கள் ராசாவுக்குச் சத்தியம் எடுக்கத் தேவையில்லை என்று 2022இலேயே சட்டம் போட்டுவிட்டது. பூர்வகுடிகள் பலருக்கு உடன்படிக்கை இருப்பது முடியோடு, முடி போனால் அந்தக் கடப்பாடு யார் தலையில் என்று அவர்கள் கேட்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. எங்களுக்கு 29ஆம் பிரிவு போனமாதிரி அவர்களுக்கும் ஆகிவிடக்கூடாது. அதேநேரம் அவர்களுடைய பிள்ளைகளைப் பிடுங்கி வதிவிடப் பாடசாலைகளில் போட்டதும் அதே முடியின் அரசாங்கம்தான், அதையும் மறக்க வேண்டாம்.

பார்படோஸ் 2021இல் குடியரசானது. அங்கேயும் மகாதேசாதிபதியாக இருந்த சாண்ட்ரா மேசனே ஜனாதிபதியானார், கோபல்லாவ கதைதான். ஆனால் அவர்கள் தலையை மட்டும் மாற்றினார்கள், அந்தச் சாக்கில் வேறொன்றையும் உள்ளே நுழைக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் 1999இல் வாக்கெடுப்பு வைத்து நூற்றுக்கு 55 பேர் வேண்டாம் என்றார்கள், ஜனாதிபதியைப் பாராளுமன்றம் தெரிவதா சனம் தெரிவதா என்ற சண்டையில் குடியரசு விரும்பிய பலரே எதிர்த்துப் போட்டார்கள். நோர்வேயிலுள்ள எங்கள் ஆட்கள் இன்னொரு கதை சொல்வார்கள், அங்கே 1905இல் சனத்திடம் வாக்குக் கேட்டுத்தான் ராசாவை வைத்தார்கள். தாய்லாந்தில் ராசாவை விமர்சித்தால் ஒரு குற்றத்துக்குப் பதினைந்து வருடம் வரை சிறை. ஆகவே முடியாட்சியா குடியரசா என்று பெயரை மட்டும் வைத்துக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கனடாவில் ஒருநாள் வாக்கெடுப்பு வந்தால் குடியரசுக்குப் போடுவேன், ஆனால் வரைவைக் கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டு.

அப்பா கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்தானே, போகும்போது நுழைகிற பிரெட்ரிக் கோட்டையே மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகன் பெயரில் இருக்கிறது, 72இல் அதை யாரும் தலைமுழுகவில்லை என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். கோபப்பட்டால் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

உங்களுக்குச் சத்தியம் இப்போதைக்கு வராது. ஐந்து வருடத்துக்குள் 1,095 நாட்கள் அங்கே இருந்திருக்க வேண்டும், ஊருக்கு வந்துபோகும் திகதிகளை முதல் நாளிலிருந்தே குறித்து வையுங்கள், பிறகு தேட முடியாது. கடவுளை இழுக்க விருப்பமில்லை என்றால் உறுதிமொழியாகவும் எடுக்கலாம். உண்மையில் யோசிக்க வேண்டியது வேறு: கனடாக் குடியுரிமை எடுத்த கணத்தில் இலங்கைக் குடியுரிமை போய்விடும், விடாமல் வைத்திருக்க விருப்பமென்றால் அதற்கு முன்பே இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும், போன பிறகென்றால் திரும்பப் பெறத்தான் விண்ணப்பிக்கலாம். உவர்மலைக் காணி உங்கள் பெயரில் வரப்போகிறதென்றால் இதை அப்பாவோடு இப்போதே கதையுங்கள். இரட்டைக் குடியுரிமைக்காரர் இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது, உங்களுக்கு அந்த யோசனை இருந்தால் மட்டும் பிரச்சினை.