எல்லாம் தான் சொன்னபடிதான் நடக்க வேண்டும் என்கிற கணவருக்கு இருப்பது ஓசிடியா?

பாத்திரம் அடுக்கும் வரிசை, பைசா விடாத கணக்கு நோட்டு, நீங்கள் மடித்த துணியைப் பிரித்துத் திரும்ப மடிப்பது... நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு ஓசிடியை (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒன்றையே மறுபடி மறுபடி செய்யவைக்கும் மனநோய்) விட ஓசிபிடிதான் (எல்லாவற்றிலும் அளவுக்கு மீறி ஒழுங்கும் கட்டுப்பாடும் பார்ப்பது) நினைவுக்கு வருகிறது. உறுதியாகச் சொல்ல வேண்டியவர் மனநல மருத்துவர்தான்.

ஓசிடி உள்ளவர் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பார், அது தேவையில்லை என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும், விட முடியாமல் தவிப்பார். ஓசிபிடி ஆளுமைக் கோளாறு, அதாவது சுபாவத்திலேயே ஊறிப்போனது. அதில் தவிப்பது அதிகமும் வீட்டில் இருப்பவர்கள். ஓசிபிடி உள்ளவரைக் கேட்டால் "நான் செய்வதுதான் முறை, உங்களுக்குத்தான் பொறுப்பில்லை" என்பார். சிலருக்கு இரண்டுமே இருக்கும்.

எங்கள் பெரியப்பாவுக்கு ஓசிபிடி இருந்தது. அக்கா கல்யாணத்தில் பத்திரிகைக்கு விலாசம் எழுத யாரையும் விடவில்லை. எழுத்து கோணல், பின்கோடு ஒட்டி நிற்கிறது என்று கவரைக் கிழித்துக் கிழித்து அவரே மறுபடி எழுதியதில் பல பேருக்குக் கல்யாணம் முடிந்த அப்புறம்தான் பத்திரிகை போய்ச் சேர்ந்தது. வெறும் ஒழுங்கான ஆளாக இருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், இவருக்கு அந்த ஒழுங்கே வேலையை முடிக்க விடவில்லை. மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் டிஎஸ்எம்-5 கையேடு ஓசிபிடிக்குச் சொல்லும் 8 அடையாளங்களில் இதுவும் ஒன்று. குறைந்தது 4 இருக்க வேண்டும், அதுவும் இளம் வயதிலிருந்தே. ஓய்வே இல்லாத உழைப்பு, பிறரிடம் வேலையை ஒப்படைக்க மனம் வராதது, கஞ்சத்தனம், உடைந்த சாமானைக்கூடத் தூக்கிப் போடாதது, பிடிவாதம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. (ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம் மூன்றும் சேர்ந்தே வருவதை உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் 1908லேயே எழுதிவிட்டார்.)

இந்தக் குறைக்காக அவர்களாக மருத்துவரிடம் போவது அபூர்வம். பெரியப்பா போனதும் ரிட்டயர் ஆனபின் தூக்கம் போய், மனச்சோர்வில் விழுந்தபோதுதான். மாத்திரை கொடுத்தது சோர்வுக்கு. ஓசிபிடிக்கென்று தனி மாத்திரை இல்லை, பேச்சு சிகிச்சைதான், அதுவும் மெதுவாகத்தான் பலன் தெரியும். பெரியம்மா சமைக்கும்போது பின்னால் நின்று திருத்துவதைப் பெரியப்பா நிறுத்தினார், எங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

அதனால் "உங்களுக்கு வியாதி" என்று ஆரம்பிக்காதீர்கள், சண்டைதான் வரும். அவருக்கே தொல்லையாகத் தெரிகிற ஒன்றை, தூக்கமோ ஆபீஸ் டென்ஷனோ, சொல்லிக் கூப்பிடுங்கள். வரவே மாட்டேன் என்றால் நீங்கள் மட்டுமாவது ஒரு ஆலோசகரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் செய்யுங்கள், இலவசம்தான்.