கேள்வி – பதில்: பதிவேடும் எமிஸும்

கே: எங்கள் நடுநிலைப் பள்ளியில் வருகை மாதாமாதம் 92 சதவீதத்துக்குக் குறைவதில்லை. அப்படியும் இடைநிற்கக் கூடியவர்கள் பட்டியலைக் கேட்டு அலுவலகத்திலிருந்து நச்சரிக்கிறார்கள். 92 போதாதா?
– தலைமை ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

ப: கணக்குப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் 40 பேர், மாதத்தில் 25 வேலை நாள் என்றால் 1,000 வருகை வர வேண்டும். 92 சதவீதம் என்றால் 80 குறைகிறது. 40 பேரும் ஆளுக்கு இரண்டு நாள் காய்ச்சல், கோயில் திருவிழா என்று வராமல் இருந்தாலும் 80தான். நான்கே பேர் தலா 20 நாள் வராமல் இருந்தாலும் அதே 80தான். முதலில் சொன்ன மாதிரி வகுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டாவதில் நான்கு பிள்ளைகள் பள்ளியை விட்டே போய்க்கொண்டிருக்கிறார்கள். சராசரி இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும்.

வருகைப் பதிவேட்டை மேலிருந்து கீழாகக் கூட்டியே பழகிவிட்டோம். அன்றைக்கு எத்தனை பேர் என்றுதானே மேலே கேட்கிறார்கள்! வெள்ளிக்கிழமை மாலை கால் மணி நேரம் ஒதுக்கி, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். தொடர்ந்து 3 நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன். மாதத்தில் 5 நாள் தாண்டினால் ஆசிரியர் நேரில் போக வேண்டும். இது அரசாணை அல்ல, வேலைக்கு ஆகிற வரம்பு. காரணத்தையும் எழுதுங்கள்: உடல்நலம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வேலைக்குப் போவது, கல்யாணப் பேச்சு, குடும்பம் வெளியூர் போனது. ‘இதர’ என்று ஒரு கட்டம் வைத்தீர்களானால் பாதிப் பிள்ளைகள் அதில்தான் போய் விழுவார்கள். வைக்கவே வேண்டாம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் போகும் குடும்பங்கள் என்றால் போன ஊர், திரும்பும் மாதம் இரண்டையும் குறித்துக்கொண்டு அந்த ஊர்ப் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள்.

இன்னொன்று. வருகை பதியும் செயலியில் காலை அவசரத்தில் எல்லோருக்கும் ‘வருகை’ என்று அழுத்திவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சத்துணவுப் பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சாப்பிட்டவர் எண்ணிக்கை வருகையைவிடக் குறைவது இயல்பு. சிலர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருவார்கள். கூடுதலாக இருந்தால் இரண்டில் ஒன்று தவறு. மாதம் முழுக்க இரண்டும் அச்சாக ஒத்துப்போனால்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்: ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதியிருப்பார்கள்.

கே: எங்கள் தொடக்கப் பள்ளியில் பதிவேட்டுப்படி 62 பிள்ளைகள். மூன்று ஆசிரியரில் ஒருவர் உபரி என்று பணி நிரவலில் (உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவதில்) பெயர் வந்திருக்கிறது. எப்படி?
– ஆசிரியர், தேனி மாவட்டம்

ப: கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு, 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஆக, உங்கள் மூன்றாவது ஆசிரியர் 61வது பிள்ளையை நம்பி இருக்கிறார். பணியாளர் நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1 அன்றைய எண்ணிக்கைதான் கணக்கு. பதிவேட்டில் 62 இருக்கலாம், அன்று எமிஸில் (பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் இணையதளத்தில்) எத்தனை இருந்தது என்று பாருங்கள்.

பெரும்பாலும் ஓட்டை விழும் இடம் இது: ஜூனில் சேர்ந்த பிள்ளையைப் பழைய பள்ளி எமிஸில் விடுவித்திருக்காது. பிள்ளை உங்கள் வகுப்பில், பெயர் அங்கே. இப்படி இரண்டு பேர் இருந்தால் போதும், 62 என்பது 60 ஆகிவிடும். ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு இருந்து பிறகு நீக்கப்பட்டாலும் எண்ணிக்கை குறையும். ஜூலை கடைசி வாரத்தில் வகுப்புவாரியாகப் பெயர் பெயராக ஒப்பிடுங்கள். மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால், விட்டுப்போன பெயரும் தேவையில்லாமல் நிற்கும் பெயரும் ஒன்றையொன்று மறைத்துவிடும். இப்போது முறையீடு செய்வதானால், சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், மாற்றுச் சான்றிதழ், ஜூலை மாத வருகை மூன்றையும் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாக இணையுங்கள்.

யூடைஸ் படிவத்தில் (நாடு முழுக்கப் பள்ளிகளிடம் ஆண்டுதோறும் வாங்கும் விவரப் படிவம்) வேறு எண் இருக்கிறதே என்று யாராவது கேட்டால் பதற வேண்டாம். அதற்குக் குறிப்பு நாள் வழக்கமாக செப்டம்பர் 30. எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் தேதியை எழுதிவிடுங்கள்.

கே: மகளைத் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு சேர்த்தேன். கட்டண பாக்கி என்று பழைய பள்ளி டிசி தரவில்லை. எமிஸ் எண்ணையும் விடுவிக்கவில்லை. புது எண் போட்டுவிடலாமா?
– பெற்றோர், சேலம்

ப: கூடாது. புது எண் போட்டால் குழந்தை இரண்டு ஆளாகிவிடும். பிற்பாடு 10ஆம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் எமிஸிலிருந்துதான் போகும். பெயர், பிறந்த தேதிக் குழப்பம் அங்கே தலைதூக்கும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எமிஸில் 6ஆம் வகுப்பு தனியார் பள்ளிக் கணக்கிலேயே கிடந்தால், அன்றைக்கு அலைய வேண்டியது நீங்கள்தான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் பிள்ளைக்கு உடனே டிசி தரச் சொல்கிறது. டிசி தாமதமானதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே வகுப்பு நடக்கட்டும். பழைய பள்ளி பெயரை ‘காமன் பூலுக்கு’ (எமிஸில் பள்ளி விடுவித்த பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு) அனுப்பினால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். அனுப்பாவிட்டால் எமிஸ் வழியாகக் கோரிக்கை வைக்கும்படி தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். நீங்களும் கையோடு, சேர்ந்த தேதியைக் குறிப்பிட்டு மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.

கே: பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். யூடைஸில் ‘பயன்பாட்டில் உள்ள கழிப்பறை 6’ என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் போவது இரண்டுக்குத்தான்.
– திருவாரூர்

ப: கட்டியிருப்பது எத்தனை, பயன்படுவது எத்தனை என்று படிவத்தில் இரண்டு கேள்வி உண்டு. முதல் எண்ணையே இரண்டாவது கட்டத்திலும் எழுதிவிடுவது வழக்கமான கோளாறு. பயன்பாட்டில் இருக்கிறது என்றால் உள்ளே தண்ணீர், உடையாத பீங்கான், மூடக்கூடிய கதவு, ஓடும் வடிகால், அன்றாடச் சுத்தம் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு தாளோடு போய், மதியம் சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். காலையில் தொட்டி நிரம்பி இருக்கும், மதியம்தான் வண்டவாளம் தெரியும். ஆறு என்று எழுதிவிட்டுப் பழுதுபார்க்கப் பணம் கேட்டால், ‘எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று உங்கள் எண்ணையே எடுத்து நீட்டுவார்கள்.

கே: மாணவர்களின் ஆதார் எண், சாதி, பெற்றோர் செல்பேசி எண் எல்லாம் சேர்ந்த பட்டியலைச் சரிபார்ப்பதற்காக வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?
– வகுப்பாசிரியர், மதுரை

ப: வேண்டாம். ஒவ்வொரு பெற்றோருக்கும் அவரவர் பிள்ளையின் வரியை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.