பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மெய்நிகர் சைக்கிள் பயிற்சி

கேள்வி: என் தந்தைக்கு 66 வயது. பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். நடக்கும்போது திடீரென்று கால் எழாமல் அப்படியே நின்றுவிடுகிறார். மெய்நிகர் காட்சியைப் பார்த்தபடி சைக்கிள் மிதிப்பது நல்லது என்கிறார்கள். வீட்டிலேயே செய்யலாமா? கண்ணில் மாட்டும் கருவி வாங்க வேண்டுமா?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: நரம்பியல் மருத்துவர் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துச் சம்மதித்துவிட்டால், தாராளமாகச் செய்யலாம். கால் எழாதவரால் மிதிக்க முடியுமா என்று தயங்க வேண்டாம். சில அடிகள் நடப்பதற்கே திணறிய 58 வயது நோயாளி ஒருவர் சைக்கிளைச் சரளமாக ஓட்டிச் சென்றதை நெதர்லாந்தின் நைமேகன் நகர மருத்துவர்கள் 2010இல் காணொளியாகவே பதிவுசெய்து வெளியிட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது, அதே நகரத்து மருத்துவர்கள் நோயின் தொடக்க நிலையிலிருந்த 130 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பிரிவினர் வாரம் மூன்று முறை, 30 முதல் 45 நிமிடம், திரையில் விரியும் காட்சிகளோடும் விளையாட்டுகளோடும் வீட்டிலேயே உடற்பயிற்சி சைக்கிளை மிதித்தார்கள். மற்றவர்கள் தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து, மாத்திரையின் வேகம் தணிந்திருந்த நேரத்தில் சோதித்தபோது, அசைவுக் குறைபாட்டைக் காட்டும் மதிப்பெண் இரண்டாம் பிரிவினருக்கு 5.6 புள்ளி கூடியிருக்க, மிதித்தவர்களுக்கு 1.3 மட்டுமே கூடியிருந்தது. இதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. மிதித்தவர்களுக்கும் நோய் நீங்கிவிடவில்லை.

பயன் தருவது மூச்சு வாங்க மிதிக்கும் உழைப்புதான். ஆனால் மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறையும்போது எதிலும் நாட்டமில்லாமல் போவதும் இந்நோயின் ஒரு கூறு என்பதால், "அப்பா சோம்பேறித்தனப்படுகிறார்" என்று வீட்டார் வருந்தும் நாள்களில், அவரை மறுபடியும் இருக்கையில் உட்கார வைக்கும் வேலையைத் திரை செய்கிறது. அதற்கு வீட்டுத் தொலைக்காட்சியே போதும். கண்ணை மூடி மாட்டும் கருவி தலைசுற்றலை உண்டாக்கலாம்; இல்லாத உருவங்கள் தெரிவதாக அவர் எப்போதாவது சொல்லியிருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

முதுகைத் தாங்கும் இருக்கையும், பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் பட்டையும் உள்ள சைக்கிளாகப் பாருங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் பத்து நிமிடத்திலிருந்து தொடங்கட்டும். சிலருக்கு இந்நோயில் நாடித்துடிப்பு உரிய அளவு ஏறாது என்பதால் அதை மட்டும் நம்பாமல், பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். இறங்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும்: மிதிப்பதை நிறுத்தியதும் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு கைப்பிடியை விடாமல் இரு பாதங்களையும் தரையில் ஊன்றி எழட்டும், அப்போது நீங்களோ வேறொருவரோ அருகில் இருங்கள்.